பூஜ்யத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

“டீச்சர், கோவப்படாதிய. ஒரு பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜை அமத்திக்கிடட்டுமா?”

ஜும்மா தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்ட ஈரக்கையோடு லுக்மான் பாய் என் ஹால் கதவைத் தட்டி இப்படிக் கேட்டால், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அந்த ஃபிளாட்டில் ஏசி ஓடாது, எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றாது, நானும் மிக்ஸி போடக் கூடாது என்று பொருள். அவருடைய பத்து நிமிஷம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். குவைத்தின் மே மாதத்தில், தூசிக்காற்று ஜன்னல் இடுக்கு வழியாக மாவு சலிப்பது போல மணலைச் சலித்துக்கொண்டிருக்கும்போது, ஏசியை அணைத்துவிட்டு உட்காருகிற வேறொரு மனிதரை அப்பாசியா முழுக்கத் தேடினாலும் காண முடியாது.

“போன வாரம் பால் திரிஞ்சு போச்சுங்க பாய்.”

“இந்த வாரம் திரியாது. ஃப்ரிட்ஜ் ஓடுனா அளவு நிக்க மாட்டேங்கு டீச்சர். மெல்லிசான சத்தத்தை எல்லாம் அது முழுங்கிருது.”

நான் பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்காவிட்டால் அவரே தயங்கித் தயங்கி வந்து பிடுங்குவார், அதைப் பார்க்க இன்னும் பாவமாக இருக்கும்.

ஃபிளாட் என் பெயரில் இருந்தது. என் கணவர் சேதுமாதவன் கத்தாரில் ராஸ் லஃபானுக்கு வேலை மாறிப் போனார். மகள் தாரிணி கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்தாள். பள்ளிக்கூட வேலையை விட மனமில்லாமல் நான் இங்கேயே இருந்துவிட்டேன். ஆளுக்கு ஒரு ஊராகப் பிரிந்த பிறகு தனி ஒருத்திக்கு எதற்கு முழு ஃபிளாட் என்று பெட்ரூமை லுக்மான் பாய்க்கும் அவர் மனைவி மதீனா பீவிக்கும் கொடுத்தேன். ஹால் எனக்கு. சமையலறையும் குளியலறையும் பொது. ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவில் இருப்பது பேருக்குத்தான் சுவர். அந்தப் பக்கம் டிவியில் செய்தி வாசித்தால் இந்தப் பக்கம் நான் குறிப்பெடுக்கலாம். இரண்டு பேருக்கும் காயல்பட்டினம். கடற்கரைக் காற்றில் கத்திப் பேசிப் பழகியவர்கள், அதுதான் இப்படி என்று நானாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, சத்தத்தைப் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

லுக்மான் பாய்க்குக் கடலோரத்தில் இருக்கிற ஒரு மின் நிலையத்தில் வேலை. காண்ட்ராக்ட் கம்பெனி ஆள், டர்பைன் ஓடுகிற கூடத்தில் டியூட்டி. வீட்டுக்கு வந்தால் அவருக்கு வேறு உலகம். பெட்ரூமில் பாதி கட்டில், மீதி பட்டறை. அதில் இருந்த கருவிகளில் ஒன்றைத் தவிர எல்லாம் அவர் கையால் செய்தவை. ஒரே சீராகச் சத்தம் எழுப்புகிற பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் ஒரு குட்டி பல்பு. சத்தம் ஏறினால் பல்பு சூடாகி அடக்கி வைக்கும், இறங்கினால் விட்டுக்கொடுக்கும் என்பார். பழைய ஸ்டீரியோவிலிருந்து கழற்றிய முள்ளை வைத்து ஒரு மீட்டர். ஆம்ப்ளிஃபயரைச் சோதிக்கும்போது ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்ட, பால்பவுடர் டின்னில் எண்ணெய் ஊற்றி அதில் மின்தடைகளை முக்கி வைத்திருந்தார். அது மதீனாக்காவின் சூரியகாந்தி எண்ணெய். காசு கொடுத்து வாங்கிய ஒரே கருவி, வெள்ளிக்கிழமைச் சந்தையில் அள்ளி வந்த பழைய ஆஸிலாஸ்கோப். பச்சைக் கோடு ஒன்று அதில் எப்போதும் நெளிந்துகொண்டிருக்கும்.

யாராவது பழுதான ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து, “பாட்டு சரியா கேக்குது பாய், சும்மா ஒரு கரகரப்பு” என்றால் அவருக்குப் பிடிக்காது.

“காது சொல்லுததை நம்பக் கூடாதுவே. மீட்டர் சொல்லட்டும்” என்பார்.

அந்த மே மாதம் அவர் செய்துகொண்டிருந்தது ஆம்ப்ளிஃபயருக்கான கருவி இல்லை. தூத்துக்குடி மக்ரூன் வந்த தகர டின்னுக்குள் அது இருந்தது. மேலே ஒரு திருகு, பக்கத்தில் ஒரு பட்டன், ஒரு ஹெட்போன். காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கிற கருவி. ஆஸ்பத்திரியில் இருப்பதைத் தான் வீட்டிலேயே செய்துவிட்டதாக முதலில் பெருமையாகத்தான் சொன்னார். எதற்கு என்று இரண்டாம் முறை கேட்டபோது சமையலறைக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“கம்பெனி மெடிக்கல் வருது டீச்சர். சத்தத்துல வேலை பாக்குறவனுக்குக் காது டெஸ்ட் கட்டாயம். போன தடவையே அந்த டாக்டர் மூஞ்சிய ஒரு மாதிரி வச்சாரு. இந்தத் தடவ ஃபெயில் ஆனா டர்பைன் பக்கம் விட மாட்டான். வேற சீட்டு இந்த வயசுல எவன் குடுப்பான்? கலாஸ். இங்க தங்குத அகாமா கேன்சல், ரெண்டு பேரும் ஃபிளைட் ஏற வேண்டியதுதான்.”

“வெளியில ஒரு கிளினிக்ல பாத்துக்கலாமில்லீங்க?”

“சிவில் ஐடி நம்பரைப் போட்டுல்லா பாப்பான். எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிரும். அதான் நம்மளே செஞ்சுக்கிடுவோம்னு. எவ்வளவு இருக்கு, எவ்வளவு போச்சுன்னு தெரிஞ்சுட்டா மனசுக்கு ஒரு தைரியம் பாத்தியளா.”

ஊருக்குப் போவதில் என்ன கஷ்டம், வயதாகிவிட்டது, மகள் இருக்கிறாள், வீடு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதை மறுநாள் மதீனாக்காவிடம் கேட்டேவிட்டேன். அவர் ஆவோலி மீனைச் செதில் உரசிக்கொண்டிருந்தார். இங்கே அதற்கு சுபைதி என்று பெயர், ஆனால் அவர் வாயில் அந்தப் பெயர் வராது.

“எங்க வீட்டுப் பக்கம் பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போக மாட்டா டீச்சர். மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவாக. இவுக ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா லீவுல வருவாக. வீடு நெறைய ஆளு. உம்மா, சாச்சிமாரு, தங்கச்சிமாரு. பகல்ல இவுக ஆம்பளையளோட முன்கட்டுல, நான் பொம்பளையளோட உள்கட்டுல. ராத்திரி பேசலாம்னா இவுக அசந்து தூங்கிருவாக. லீவு முடிஞ்சிரும்.”

“இப்ப அந்த வீடு?”

“இப்ப அது பாஹிமா வீடுல்லா. பொண்ணுக்குக் குடுத்தாச்சு. அவ மாப்பிள்ளை வந்துட்டாக. நாங்க போனா ஒரு மூலைல இருக்கலாம், ஒண்ணும் சொல்ல மாட்டாக.” மீனைத் திருப்பிப் போட்டார். “இவுகளுக்குன்னு நான் தோசை ஊத்திப்போட்டு, எதுக்க உக்காந்து திங்கிறதைப் பாத்தது இந்த ரூமுக்கு வந்த பொறவுதான். இங்க வந்துதான் எனக்குக் கல்யாணம் ஆச்சுன்னு வச்சுக்கிடுங்களேன்.”

“அப்ப நல்லாப் பேசிக்கிறீங்கதானே.”

அவர் சிரித்தார். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை.

“எங்க? முதுகைக் காட்டிக்கிட்டு ஈயத்தை உருக்கிக்கிட்டு இருக்காக. நாலு தடவ கேட்டா ஒரு தடவ உம்ங்காக. பேசிப் பேசிப் பாத்துட்டு நானும் விட்டுட்டேன். செவுத்துக்கிட்ட பேசுன மாதிரி இருக்கு.”

இதே குறையை லுக்மான் பாய் ஏற்கெனவே என்னிடம் லிஃப்டில் வைத்துச் சொல்லியிருந்தார். “மதீனா முன்ன மாதிரி இல்ல டீச்சர். கூப்புட்டா திரும்ப மாட்டேங்கா. கொண்டாந்து ஒரு ரூம்ல அடைச்சுட்டேன்னு மனத்தாங்கல் போல. நானும் தொந்தரவு பண்ண வேண்டாம்னு என் சோலியப் பாத்துக்கிட்டு இருக்கேன்.” இரண்டு பேருமே என்னிடம் நன்றாகப் பேசினார்கள். லிஃப்டுக்குள், சமையலறை டியூப்லைட்டுக்குக் கீழே, முகத்துக்கு முகம் நின்று. இரண்டு பக்கத்துப் புகாரையும் கேட்டுக்கொள்வது டீச்சர்களுக்குப் பழகிப்போன விஷயம். பரவாயில்லை, என்னிடமாவது பேச ஆள் இருக்கிறது என்று உள்ளூர எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட.

டின் தயாரான வெள்ளிக்கிழமை, ஃப்ரிட்ஜோடு இன்னொன்றும் கேட்டார்.

“டீச்சர், நகத்துல போடுத செவப்பு இருக்கா? மதீனா தொழுகதுனால போட மாட்டா.”

தாரிணி விட்டுப்போன நெயில் பாலிஷ் ஒன்று இருந்தது. எடுத்துக்கொண்டு போனேன்.

“எதுக்குங்க?”

“பூஜ்யம் போட” என்றார். “எந்த அளவுக் கருவிக்கும் பூஜ்யம் எங்கன்னு தெரியணும்லா. தராசு தட்டுல ஒண்ணும் வைக்காம முள்ளு நடுவுல நிக்கணும், அது மாதிரி. நல்ல காதுக்குக் கேக்குத ஆகக் கம்மியான சத்தம் எதுவோ அதுதான் பூஜ்யம். கம்பெனிக்காரன் லேப்ல செயற்கைக் காது ஒண்ணு வச்சு அதைச் சரிபண்ணுவான். அது நமக்கு எங்க கிடைக்கும்? அதான் நெசக் காதையே வச்சுக்கிடலாம்னு. இவ மிஷின் சத்தத்துப் பக்கமே போனதில்ல. காயப்பட்டணத்து உள்கட்டுல இருந்து நேரா குவைத்து ரூமுக்கு வந்தவ. சுத்தமான காது.”

மதீனாக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். துப்பட்டாவைத் தூக்கி ஹெட்போனை மாட்டி, மறுபடி துப்பட்டாவை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். புருஷன் தன்னைப் பார்த்தபடி எதிரே உட்கார்ந்ததில் அவருக்குச் சந்தோஷம் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், நின்றுபோனால் இறக்க வேண்டும். பாய் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். விரல் இறங்கிய இடத்தில், டின்மேல் ஒட்டிய காகிதத்தில், பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி. கட்டைக் குரலுக்கு ஒன்று, கீச்சுக் குரலுக்கு ஒன்று என்று ஏழெட்டுப் புள்ளிகள். ஏசி இல்லாத அறையில் மூன்று பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. வெளியே பார்வை எட்டுகிற தூரமெல்லாம் தூசி மஞ்சளாக நின்றது.

பிறகு அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார், மதீனாக்கா திருகினார். சிவப்புப் புள்ளிக்கு மிக அருகில் வரும்வரை பாயின் விரல் இறங்கவில்லை. அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். வேர்வையைத் துடைக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“பத்து டெசிபல்தான் டீச்சர் கம்மி. பத்தே பத்து. இருபத்தஞ்சு வரைக்கும் நார்மல்ம்பான். அல்ஹம்துலில்லாஹ். இத்தன மாசமா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன்.”

“நான்தான் சொன்னேன்ல” என்றார் மதீனாக்கா. அவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது.

“டீச்சர், நீங்களும் ஒருக்கா மாட்டிப் பாருங்க” என்று பாய் குஷியில் ஹெட்போனை நீட்டினார். மாட்டினேன். கணீரென்று சத்தம். திருகைக் குறைத்துக்கொண்டே வந்தார். சிவப்புப் புள்ளி தாண்டியது. நான் விரலை இறக்கவில்லை. இன்னும் குறைத்தார். திருகு அந்தப் பக்கம் முட்டி நின்றபோதும் கொசு முனகுவது போல அது கேட்டுக்கொண்டே இருந்தது.

“இன்னும் கேக்குதுங்க பாய்.”

“சும்மா சொல்லுதிய.”

“நிசமாத்தான். இப்ப நிறுத்திட்டீங்க. இப்பத் திரும்பப் போட்டீங்க.”

அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். “டீச்சருக்குப் பாம்புக் காது. கிளாஸ்ல பின் பெஞ்சுல முணுமுணுக்கதைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு.” நானும் சிரித்தேன். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் மதீனாக்காவும் சிரித்தார்.

மெடிக்கலுக்கு அழைப்பு ஜூனில் வந்தது. பாய் தேய்த்த சட்டை போட்டு, அத்தர் தடவி, பெருநாள் தொழுகைக்குப் போகிறவர் மாதிரிப் போனார். மதீனாக்கா முட்டையை அடித்துத் தேங்காய்ப்பால் விட்டு வட்டலப்பம் அவித்துவைத்தார். ஏலக்காய் வாசம் என் ஹால்வரை வந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் அவர் திரும்பவில்லை. சாயங்கால அஸர் பாங்கு சொல்லி வெகுநேரம் கழித்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார்.

“என்னாச்சுங்க பாய்?”

“அவன் மிஷின் தப்பு டீச்சர்.”

குரல் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

“ஒரு நர்ஸு, கூண்டு மாதிரி ஒரு பெட்டிக்குள்ள உக்கார வச்சுக் கதவைச் சாத்துனா. பட்டனைக் கையில குடுத்தா. நான் காத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் ஆரம்பிக்கலைன்னுல்லா நெனச்சேன். அந்த நர்ஸு புள்ள கண்ணாடி வழியாப் பாக்கா, நானும் பாக்கேன். பொறவு கதவைத் தொறந்து, ‘பாய், பட்டன் தபாவோ’ங்கா. சத்தம் வந்தாத்தானம்மா அமுக்குவேன்னேன். அவ பாவமாப் பாத்தா. திரும்பவும் மொதல்ல இருந்து வச்சா. அதுலயும் கடைசீல ரெண்டு மூணுதான் வந்துது.” அவர் கையை விரித்துக் காட்டினார். “ரெண்டு காதும் போச்சாம். ஆபீஸுக்குக் கூப்புட்டு அப்பவே சொல்லிட்டான். நோட்டீஸ் முடியுத வரைக்கும் ஸ்டோர்ல உக்காரு, பொறவு கேன்சல்னு.”

மதீனாக்கா வட்டலப்பத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். என்ன ஆச்சு என்று கண்ணால் கேட்டார். நான் தலையை இடவலமாக அசைத்தேன். தட்டை மேடையில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“பத்துதான் கம்மி. என் கையால அளந்துருக்கேன். அவன் மிஷின்தான் தப்பு” என்று பாய் மறுபடியும் சொன்னார்.

அதற்கப்புறம் அவர் மக்ரூன் டின்னைப் பிரித்துப்போட்டார். ஸ்டோரில் வேலை ஒன்றுமில்லை, சீக்கிரம் வந்துவிடுவார். வந்ததும் பட்டறையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக்கூட எழ மாட்டார். பல்பை மாற்றினார். ஒவ்வொரு முனையையும் மீட்டரில் வைத்துப் பார்த்தார். ஆஸிலாஸ்கோப்பில் பச்சைக் கோடு மாசுமறுவில்லாமல் ஏறி இறங்கியது. என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார், “பாருங்க, எங்கயாச்சும் கோணல் இருக்கா?” என்று. கோணல் இல்லை. ஹெட்போனைப் பிரித்துப் பார்த்தார், அதுவும் சரி. கம்பெனிக்குக் கடுதாசி போடப்போகிறேன், இன்னொரு முறை டெஸ்ட் வை என்று சண்டை பிடிப்பேன் என்றார். அவருக்குள்ளே பயம் ஏறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. தப்பு எங்கேயும் கிடைக்கவில்லை என்பதுதான் பயம். மதீனாக்கா தோசையைத் தட்டில் வைத்து மூடி, கட்டில் மேல் வைத்துவிட்டு என் ஹாலில் வந்து உட்கார்ந்துகொள்வார். நான் நோட்டுத் திருத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு சனிக்கிழமை முற்பகல், நான் சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மதீனாக்கா எங்களுக்கு முதுகைக் காட்டித் தொட்டியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். பாய் டின்னைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“டீச்சர், எல்லாத்தையும் பாத்துட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கல. ஒங்க காதை ஒருக்கா குடுங்க.”

கையைத் துடைத்துக்கொண்டு மாட்டினேன். அவர் சிரிக்கவில்லை, சீண்டவில்லை. ஒவ்வொரு சத்தமாக வைத்து, ஒவ்வொன்றையும் திருகின் கடைசிவரை கொண்டுபோனார். ஒவ்வொரு தடவையும் என் விரல் தூக்கியபடியே நின்றது. சிவப்புப் புள்ளிகள் எல்லாம் எங்கேயோ மேலே இருந்தன. கடைசிச் சத்தம் முடிந்ததும் அவர் டின்னை மேடைமேல் வைத்தார். மதீனாக்காவின் முதுகைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

“மதீனா” என்றார். சாதாரணமாக, வீட்டில் கூப்பிடுகிற குரலில்.

அவர் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“மதீனா.”

மதீனாக்கா குழாயை மூடிவிட்டார். இப்போது தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. வளையல் தட்டில் உரசுவது எனக்குக் கேட்டது.

“மதீனா.”

திரும்பவில்லை. பாய் நடந்துபோய் அவர் பக்கத்தில் நின்றார். மதீனாக்கா திடுக்கிட்டுத் தட்டைத் தொட்டியில் போட்டார்.

“எப்ப வந்திய? பூனை மாதிரி வந்து நிக்கிய.”

“ஒனக்குக் காது கேக்கலையா?”

பாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த மதீனாக்கா, பிறகு என்னைப் பார்த்தார், என் தலையில் இருந்த ஹெட்போனைப் பார்த்தார். ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்தார். மறைத்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்ட முகம் அது.

“கேக்குமே. கொஞ்சம் கம்மி.”

“எப்பருந்து?”

“பாஹிமா பொறந்ததுக்கு அப்புறம் லேசா. இங்க வந்த பொறவு கூடிட்டு. எங்க உம்மாவுக்கும் இப்படித்தான வந்துது.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா ஊருக்கு அனுப்பிருவிய. டாக்டரைப் பாரு, மருந்து சாப்புடு, மக கூட இருன்னு. நீங்க அக்கறையாத்தான் அனுப்புவிய. நான் போயிட்டா இந்த ரூம் போச்சு. பொறவு லீவுல வந்து பாப்பிய. நான் பொய் சொல்லலங்க. அன்னைக்கு எனக்கு எது வரைக்கும் கேட்டுச்சோ அது வரைக்கும் வெரலைத் தூக்குனேன். நீங்கதான் அதைப் பூஜ்யம்னிய.”

லுக்மான் பாய் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெங்காயத் தோல்மேல்.

“நான் கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்துட்டு, நீ கோவமா இருக்கன்னு நெனச்சேனே மதீனா.”

“என்ன சொல்லுதிய?”

“நீ கோவமா இருக்கன்னு நெனச்சேன்” என்று கத்தினார்.

“நானும் அதைத்தான் நெனச்சேன்” என்று அவரும் கத்தினார். “எம்புட்டுத் தடவ உங்க முதுகுக்கிட்ட பேசிருக்கேன்.”

இரண்டு பேரும் அழுதார்கள். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஹாலுக்கு வந்துவிட்டேன். சுவரும் கதவும் இருந்தும் என்ன, எல்லாம் கேட்டது. தான் எப்போதெல்லாம் கூப்பிட்டேன் என்று பாயும், தான் எதையெல்லாம் கேட்டேன் என்று மதீனாக்காவும் கணக்குத் தீர்ப்பது போல அந்த மத்தியானம் முழுக்கக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டார்கள். கீழ்த்தளத்து மலையாளி வந்து சண்டையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

மறுநாள் பாய் வந்து, “டீச்சர், அந்தச் செவப்பை அழிக்கதுக்கு ஏதாச்சும் இருக்கா?” என்றார். ரிமூவர் பாட்டிலைக் கொடுத்தேன். கம்பெனிக்குக் கடுதாசி போடவில்லை. மிஷின் தப்பு என்கிற பேச்சும் போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் சாப்பிட்டுவிட்டு, ஃப்ரிட்ஜை அணைக்கச் சொல்லி வருவார் என்று காத்திருந்தேன். பாலைக்கூட முன்யோசனையாகக் காய்ச்சி வைத்துவிட்டேன். அவர் வரவில்லை. ஏசி ஓடியது. டிவி இல்லை. பேச்சுச் சத்தமும் இல்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் இவ்வளவு அமைதியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. மறுபடி ஏதாவது மனக்கசப்போ, உடம்புக்கு ஏதாவதோ என்று பயந்து, அன்றைக்கு வட்டலப்பம் வந்த கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனேன். கதவு பாதி திறந்திருந்தது.

கட்டிலில் சம்மணம் போட்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் தலையிலும் ஹெட்போன். நடுவில் மக்ரூன் டின். அதிலிருந்து வந்த வயரின் நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மைக். பாய் அதை உதட்டருகே வைத்து ஏதோ சொன்னார். வாசலில் நின்ற எனக்கே கேட்காத மெல்லிய குரல். மதீனாக்கா கேட்டுவிட்டு, முகம் சிவந்து, “போங்க” என்பது போல அவர் முழங்காலில் தட்டினார். பிறகு கையை நீட்டி மைக்கை வாங்கிக்கொண்டு, குனிந்து, அவரும் மெதுவாகப் பேசினார். பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மதீனாக்கா என்னைப் பார்த்துவிட்டார். ஹெட்போனைக் கழற்றவில்லை. அப்புறம் வருகிறேன் என்று ஒரு கையால் சாடை காட்டினார், அவ்வளவுதான். நான் கிண்ணத்தோடு திரும்பி வந்தேன்.

சாயங்காலம் டீ போட வந்தபோது மதீனாக்காவாகவே சொன்னார்.

“பாஹிமா வீட்டுக்குப் போகலை டீச்சர். ஊர்லயே ஒரு மாடி ரூம் வாடகைக்குப் பேசச் சொல்லியாச்சு. ஒரே ரூம்தான். பெத்த மக வீடு இருக்கும்போது என்னத்துக்குத் தனியான்னு ஊரு நாலும் பேசும். பேசட்டும். எங்களுக்குத்தான் காது கேக்காதே.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “டாக்டரையும் ரெண்டு பேருமாச் சேந்து போயிப் பாக்கணும். இவுக அந்த டின்னைக் கைப்பையில வச்சுக் கொண்டுபோறதாச் சொல்லுதாக. ஏர்போர்ட்டுல வெடிகுண்டுன்னு புடிக்காம இருக்கணும்.”

“பிடிச்சா மாட்டிப் பாக்கச் சொல்லுங்க” என்றேன்.

“எப்படித் தனியா இருப்பிய நீங்க?” என்று அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். வேறு யாருக்காவது ரூமைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்கு வழக்கம்போல ராஸ் லஃபானிலிருந்து என் கணவர் கூப்பிட்டார். வீடியோவில் பாதி முகம்தான் தெரிந்தது. ரூமில் அவருக்குப் பின்னால் ஃபேன் சுற்றுகிற சத்தம், யாரோ குழம்பைக் கிண்டுகிற கரண்டிச் சத்தம், அவர் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. பாம்புக் காது.

“சாப்பிட்டியா?”

“ஆச்சுங்க. நீங்க?”

“ஆச்சு. தாரிணி பேசினாளா?”

“பேசினா.”

“வேற?”

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பேரும் மறுபடி அந்த டின்னோடு உட்கார்ந்திருப்பார்கள்.

“நான் பேசறது கேக்குதுங்களா?” என்றேன்.

“நல்லாக் கேக்குது. சொல்லு.”

எனக்கு அழுகை வந்தது. அது அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று ஃபோனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

“ஒண்ணுமில்லைங்க, நாளைக்குப் பேசறேன்” என்று வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் ஓடுவதைக் கேட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன்.